குளவி வெளியே போயிருந்த நேரம்

ஜன்னல் சட்டத்தில் ஒட்டியிருந்த சின்ன மண்பானையிலிருந்து மஞ்சள் குளவி ஒன்று வெளியே வரும் என்று நான்கு வாரமாகக் காத்திருந்தேன். வந்தது பச்சை நிறப் பூச்சி. மெருகேற்றிய உலோகம்போல நீலமும் பச்சையும் கலந்து மின்னியது. நீளம் ஒரு சென்டிமீட்டர்கூட இருக்காது. பானையின் பக்கவாட்டில் தான் கடித்து உண்டாக்கிய துளையின் விளிம்பில் நின்று உணர்கொம்புகளைத் துடைத்துக்கொண்டது. பிறகு பறந்து போய்விட்டது. அந்தக் கூட்டைக் குளவி கட்டத் தொடங்கிய மறுநாளிலிருந்து ஒன்பது நாள் வீடியோ என்னிடம் இருந்தது. அதில் இந்தப் பச்சைப் பூச்சியோ அதைப் போன்ற வேறெதுவோ ஒரு நொடிகூட இல்லை. "தாய்க் குளவியைத் தவிர எதுவும் கூட்டுக்கு வரவில்லை" என்று என் குறிப்பேட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன்.

அந்த வரி இரண்டு வருடமாக என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. பூச்சி உள்ளே வந்தது எப்படி என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. குயில் காக்கைக் கூட்டில் முட்டையிடுவதுபோல இந்தப் பச்சைக் குளவி மண்குளவியின் கூட்டில் முட்டையிடும். ஆங்கிலத்திலும் அதைக் குயில் குளவி என்றுதான் சொல்கிறார்கள். கூட்டுக்காரி இரை தேடிப் போன நேரம் பார்த்து, மூடாத வாய்வழியாக முட்டையை உள்ளே வைத்துவிட்டுப் போய்விடும். அதன் புழு கூட்டுக்காரியின் பிள்ளையைத் தின்று வளரும். ஆக, அது வந்திருக்கிறது. பானையின் வாய் திறந்திருந்த ஏதோ ஒரு நாளில், என் கேமராவுக்கு நேர் எதிரே நடந்து வந்து, காரியத்தை முடித்துக்கொண்டு போயிருக்கிறது. கேமராவும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்புறம் எப்படிப் பதிவில் இல்லை?

விலங்குகளின் நடத்தையைக் கவனிக்க விலை குறைந்த தானியங்கிக் கேமரா வைப்பதைப் பற்றி யாராவது என்னிடம் கேட்டால், எந்தக் கணினிப் பலகை, எந்த லென்ஸ், எத்தனை ஜிபி என்றுதான் பேச்சு தொடங்குகிறது. எல்லாம் தேவையான கேள்விகள்தான். ஆனால் எனக்கு இப்போது அதைவிட முக்கியமாகப் படுவது வேறொன்று. அந்தக் கேமரா எப்போதெல்லாம் பதிவு செய்யாமல் இருக்கிறது? அதை யார் முடிவு செய்தது?

நாற்காலியும் குறிப்பேடும்

கேமராவுக்கு முன்னால், வேறொரு கூட்டைச் சில நாட்கள் வெறும் கண்ணால்தான் பார்த்தேன். இதை யாரும் தவிர்க்கக் கூடாது என்று நினைக்கிறேன். குளவி ஈரமண்ணை உருண்டையாக உருட்டி வாயில் கவ்விக்கொண்டு வரும். பானையின் விளிம்பில் வைத்து, பின்னால் நகர்ந்தபடியே நாடாபோல இழுத்துவிடும். ஒரு உருண்டை தீர்ந்ததும் கிளம்பும். பானை முடிந்ததும் இரை எதையும் வைப்பதற்கு முன்பே வெறும் பானைக்குள் ஒரு முட்டையை இட்டு, மெல்லிய நூல் ஒன்றில் கூரையிலிருந்து தொங்கவிடும். அதன் பிறகுதான் வேட்டை. கொட்டி மரத்துப்போகச் செய்த பச்சைப் புழுக்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து திணிக்கும். புழுக்களுக்கு உயிர் இருக்கும், அசைவு இருக்காது. பானை நிறைந்ததும் வாயை மண்ணால் அடைத்துவிடும்.

"கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும்" என்று நம்மிடம் ஒரு பேச்சு இருக்கிறது. குளவி புழுவைக் கொண்டுவந்து அடைத்தது, கொட்டிக்கொண்டே இருந்தது, கடைசியில் புழுவே குளவியாக மாறி வெளியே வந்தது என்று எத்தனையோ தலைமுறை நம்பியிருக்கிறது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் கண்டதை வைத்துச் சொன்னவர்கள் அவர்கள். உள்ளே போனது புழு. வெளியே வந்தது குளவி. இரண்டும் உண்மை. நடுவில் நூலில் தொங்கிய முட்டையை மட்டும் யாரும் பார்க்கவில்லை. பார்க்காத இடத்தை, பார்த்த இரண்டு முனைகளையும் வைத்து நிரப்பிக்கொண்டார்கள். என் குறிப்பேட்டின் அடிக்கோடிட்ட வரியில் நான் செய்ததும் அதுதான்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு பழக்கம் தானாக வந்துவிடுகிறது. குளவி கூட்டில் இருக்கும்போது கண் இமைக்காமல் பார்ப்பேன். அது பறந்து போனதும் நேரத்தைக் குறிப்பேன், முதுகை நிமிர்த்துவேன், அதுவரை எழுதியதைச் சரிபார்ப்பேன். அது திரும்பி வரப் பத்து நிமிடமும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம். அந்த இடைவெளியைக் கவனிக்க வேண்டிய நேரமாக நான் நினைக்கவே இல்லை. அதை ஓய்வு நேரமாக எடுத்துக்கொண்டேன். குயில் குளவி வேலை செய்வது சரியாக அந்த நேரத்தில்தான்.

கேமரா வந்தது

முதலில் காட்டு விலங்குகளைப் படமெடுக்கும் தானியங்கிக் கேமரா ஒன்றை இரவல் வாங்கி வைத்தேன். ஒரு முழு நாளில் என் கையைத் தவிர எதுவும் பதிவாகவில்லை. அந்த வகைக் கேமராவை எழுப்பும் உணரி பார்ப்பது நகரும் வெப்பத்தை. சுற்றுப்புறத்தைவிடச் சூடான உடல் ஒன்று குறுக்கே போனால் விழித்துக்கொள்ளும். மானுக்கும் பூனைக்கும் அது போதும். சுற்றுப்புறத்தின் சூட்டிலேயே இருக்கிற சின்ன உடல் அதற்குத் தெரிவதில்லை. பல்லி, ஓணான் போன்றவற்றை அது அடிக்கடி தவறவிடுவதும் இதனால்தான்.

பிறகு ராஸ்பெர்ரி பை பக்கம் போனேன். பிள்ளைகள் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ளட்டும் என்று 2012இல் வெளியிட்ட, உள்ளங்கைக்குள் அடங்கும் கணினி அது. அதற்கான கேமரா 2013இல் வந்தது. நடத்தை ஆய்வில் இருப்பவர்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை. எந்த நேரத்தில் தொடங்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும், கோப்புக்கு என்ன பெயர் என்று எல்லாவற்றையும் நாமே சில வரிகளில் எழுதிவிடலாம். மீன் தொட்டி, எலிக் கூண்டு, பறவைக் கூடு என்று எங்கெங்கோ அது இன்று உட்கார்ந்திருக்கிறது. முதல் பதிப்புக் கேமராவின் குவியம் ஒரு மீட்டருக்கு அப்பால் தெளிவாகத் தெரியும்படி நிலையாக வைக்கப்பட்டது. பக்கத்தில் இருப்பதைப் படமெடுக்க லென்ஸின் பசையை விடுவித்து மெதுவாகத் திருக வேண்டும். பதிவு ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கை அணைத்துவிட வேண்டும், அல்லது கறுப்பு டேப்பால் மறைக்க வேண்டும். இவை சின்ன வேலைகள்.

நான் சின்ன வேலை என்று நினைத்துச் செய்த ஒன்று மட்டும் சின்னதாக இருக்கவில்லை. குளவி மண் எடுக்கப் போயிருந்தபோது, அதற்குத் தொந்தரவு இருக்கக் கூடாது என்று, கேமராப் பெட்டியை அவசரமாகக் கூட்டின் பக்கத்தில் பொருத்தினேன். திரும்பி வந்த குளவிக்குக் கூடு கிடைக்கவில்லை. மண் உருண்டையைக் கவ்வியபடியே பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது. போனது, மறுபடி வந்தது. உருண்டையைக் கீழே போட்டுவிட்டு ஜன்னலின் மறுகோடியில் தேடியது. ஏறத்தாழ இருபது நிமிடம். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. குளவிகள் கூட்டைச் சுற்றியுள்ள பொருள்களை அடையாளம் வைத்துத்தான் வழி கண்டுபிடிக்கின்றன என்பதை விலங்கு நடத்தை ஆய்வாளர் நிக்கோ டின்பெர்கன் 1932லேயே எழுதிவிட்டார். தேனீக்களை வேட்டையாடும் குளவி ஒன்றின் மணல் வளையைச் சுற்றி பைன் காய்களை வட்டமாக அடுக்கினார். அது வெளியே போனதும் வட்டத்தை அப்படியே வேறிடத்துக்கு நகர்த்தினார். திரும்பி வந்த குளவி வளைக்குப் போகாமல் வட்டத்தின் நடுவே இறங்கித் தேடியது. இதை எத்தனையோ முறை படித்தவன்தான் நான். ஆனால் என் கேமராவும் அந்தக் குளவிக்கு ஒரு பைன் காய் என்று தோன்றவே இல்லை. இப்போதெல்லாம் காலிப் பெட்டியைச் சில நாள் முன்பே வைத்துவிடுகிறேன். குளவி கட்டத் தொடங்கும்போதே அது அங்கே இருக்க வேண்டும்.

நாலாயிரம்

முழு நாளும் பதிவு செய்ய எனக்கு அப்போது துணிவு இல்லை. அத்தனை மணி நேரத்தை யார் உட்கார்ந்து பார்ப்பது? எஸ்டி கார்டும் நிறைந்துவிடுமே என்ற பயம். அதனால் எல்லாரும் செய்வதையே செய்தேன். அசைவு இருந்தால் மட்டும் பதிவு. மோஷன் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு. வருகிற படத்தை அது முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கும். மாறியிருக்கும் பிக்சல்களின் எண்ணிக்கை நாம் வைத்த எல்லையைத் தாண்டினால் பதிவைத் தொடங்கும். எல்லை இயல்பாக 1500 என்று இருக்கும்.

முதல் நாள் காலையிலேயே 600க்கும் மேல் கோப்புகள். வெளியே ஒரு செடியின் நிழல் சட்டத்தின்மேல் ஆடிக்கொண்டிருந்தது. எல்லையை 2000 ஆக்கினேன், 3000 ஆக்கினேன். 4000இல் வைத்ததும் நிழல் அடங்கியது. ஒரு நாளைக்கு நாற்பது கோப்பு அளவில் வரத் தொடங்கியது. ஒவ்வொன்றைத் திறந்தாலும் குளவி. மண்ணோடு வரும் குளவி, புழுவோடு வரும் குளவி, வெறும் வாயோடு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் குளவி. எனக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி. இவ்வளவு சுத்தமான பதிவு என்று நண்பர்களிடம் காட்டினேன்.

பச்சைப் பூச்சி வெளியே வந்த அன்று இரவு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். படம் 640க்கு 480 பிக்சல். அகலத்தில் 10 சென்டிமீட்டர் தெரியும்படி வைத்திருந்தேன். ஆக, ஒரு மில்லிமீட்டருக்கு ஆறு பிக்சலுக்குச் சற்று மேல். இரண்டு சென்டிமீட்டர் நீளமுள்ள மண்குளவி இறக்கையை அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தால் ஐயாயிரம் பிக்சலுக்கும் மேல் சாதாரணமாக மாறும். பச்சைப் பூச்சியின் நீளம் 9 மில்லிமீட்டர், அகலம் 3 மில்லிமீட்டர் என்று வைத்தால் 58 பெருக்கல் 19, அதாவது ஆயிரத்து நூறு அளவு. அது இருந்த இடமும் போன இடமும் சேர்ந்து மாறினாலும் இரண்டாயிரத்து இருநூறு அளவுதான் வரும். அதுவும் அது நடந்து வருகிற பூச்சி. மெதுவாக நடந்தால் பழைய இடமும் புதிய இடமும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும், மாறுகிற பிக்சல் இன்னும் குறைந்துவிடும். எல்லையை 1500இல் விட்டிருந்தாலும் பெரும்பாலும் தப்பியிருக்கும். 4000இல் அது என் கேமராவுக்கு முன்னால் நாள் முழுக்க நடந்திருந்தாலும் பதிவாகியிருக்காது.

கேமரா பழுதாகவில்லை. நான் சொன்னதைத்தான் செய்தது. "கூட்டுக்காரியின் அளவுக்குப் பெரிதாக ஏதாவது வந்தால் மட்டும் என்னிடம் சொல்" என்று நான்தான் அதனிடம் சொல்லியிருந்தேன். பிறகு அது கூட்டுக்காரியைத் தவிர வேறு எதையும் காட்டாததைப் பார்த்து, வேறு எதுவும் வரவில்லை என்று எழுதிவிட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து, குளவி போனதும் முதுகை நிமிர்த்திய அதே பழக்கம் 4000 என்ற எண்ணாக அந்தப் பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் கண் களைத்தால் எனக்குத் தெரிந்தது. அந்த எண் எதைத் தவறவிடுகிறது என்பது தெரியவே இல்லை.

ஜீன் ஆல்ட்மன் 1974இல் எழுதிய கட்டுரையை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியாது. கென்யாவின் ஆம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்தவர். நடத்தையைப் பதிவு செய்யும் முறைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, எந்த முறை எந்தக் கேள்விக்குப் பதில் தரும், எதற்குத் தராது என்று அதில் அலசியிருந்தார். கண்ணில் பட்டதை எழுதிக்கொண்டே போகும் முறையில், சத்தமாகவும் வேகமாகவும் நடப்பவை அதிகமாகப் பதிவாகும், சண்டை பதிவாகும், ஓரமாக உட்கார்ந்திருக்கும் விலங்கு பதிவாகாது. அதனால் எந்த விலங்கை, எவ்வளவு நேரம் என்று முன்பே முடிவு செய்துகொண்டு, அந்த நேரம் முழுக்க அது சும்மா இருந்தாலும் அதையே பார்க்க வேண்டும் என்றார். நடத்தை ஆய்வுக்கு வருகிறவர்கள் ஆரம்பத்திலேயே படிக்கிற கட்டுரை அது. நானும் படித்திருந்தேன். ஆனால் அது மனிதக் கண்ணுக்குச் சொன்ன எச்சரிக்கை, இயந்திரத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை என்று எண்ணியிருந்தேன். அசைவைக் கண்டால் பதிவு செய்யும் கேமரா செய்வதும் கண்ணில் பட்டதை எழுதுவதுதான். அதனிடம் நேரமும் தேதியும் துல்லியமாக இருப்பதால் நாம் அதை நம்பிவிடுகிறோம்.

பழ ஈக்களின் தூக்கத்தை ஆராய்பவர்களுக்கும் இதே அனுபவம் உண்டு. ஈ ஐந்து நிமிடம் அசையாமல் இருந்தால் தூங்குவதாகக் கணக்கு. பல வருடமாக அதை அளந்த விதம் எளிமையானது. கண்ணாடிக் குழாய்க்குள் ஒரு ஈ, குழாயின் நடுவே குறுக்காக ஒரு அகச்சிவப்புக் கதிர். ஈ கதிரைக் கடந்தால் ஒரு எண் கூடும். கடக்காவிட்டால் அசைவில்லை என்று பொருள். ஆனால் குழாயின் ஒரு முனையில், உணவு இருக்கும் பக்கத்தில், தன்னைத் துடைத்துக்கொண்டும் தின்றுகொண்டும் விழித்திருக்கும் ஈயும் கதிரைக் கடக்காது. 2008இல் வீடியோவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கதிர் முறை தூக்கத்தை அதிகமாகக் காட்டுவது தெரிந்தது. 2017இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியிலிருந்து எத்தோஸ்கோப் என்று ஒரு கருவி வந்தது. ராஸ்பெர்ரி பை, அதன் கேமரா, முப்பரிமாண அச்சில் வார்த்த பெட்டி, அவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று வடிவமைப்பை முழுவதும் திறந்து வைத்துவிட்டார்கள். குழாயின் நடுக்கோட்டை மட்டும் பார்க்காமல் ஈ இருக்கும் இடமெல்லாம் பார்க்கிறது அது.

வீணாகப் பதிவு செய்வது

அடுத்த வருடம் அதே சட்டத்தில் இன்னொரு கூடு வந்தது. இந்த முறை பெட்டி முன்பே அங்கே இருந்தது. அசைவு, எல்லை எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்தேன். வெளிச்சம் வந்ததிலிருந்து இருட்டும் வரை, குளவி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பதிவு ஓட வேண்டும். படத்தையும் 1280க்கு 720 ஆகப் பெரிதாக்கினேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயப்பட எதுவும் இல்லை. நொடிக்கு 20 லட்சம் பிட் என்று வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு 900 எம்பி. ஏழு நாள், நாளுக்கு 12 மணி நேரம், மொத்தம் 84 மணி நேரம். 75 ஜிபி போல வந்தது. ஒரே கார்டில் அடங்கிவிடும். விலை குறைந்த கருவியின் பெரிய வசதி இதுதான் என்று நான் இப்போது நினைக்கிறேன். விலை உயர்ந்த கேமராவை வைத்தால் ஒவ்வொரு நிமிடத்தையும் பயனுள்ளதாக்க மனம் அடித்துக்கொள்ளும். விலை குறைந்ததை வெறும் சுவரைப் பார்த்தபடி ஒரு வாரம் விட்டுவைக்க முடிகிறது. இரண்டு வைக்க முடிகிறது. ஒன்று மழையில் போனாலும் வேலை நிற்பதில்லை.

விலை குறைவுக்கான தொல்லைகளும் வந்தன. ஒரு மணி நேரத் துண்டுகளாகப் பதிவு செய்தேன். திறந்து பார்த்தால் ஒவ்வொன்றும் 1 மணி 12 நிமிடம் ஓடியது. கேமரா பதிவு செய்தது நொடிக்கு 30 ஃபிரேம். அதிலிருந்து வருகிற மூலக் கோப்பை எம்பி4 ஆக மாற்றும் கருவிக்கு நாம் வேகத்தைச் சொல்லாவிட்டால் அது நொடிக்கு 25 என்று எடுத்துக்கொள்ளும். 60 நொடி 72 நொடியாக நீண்டுவிடும். துண்டுகள் சரியாக ஒரு மணி நேரம் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததால்தான் கண்டுபிடித்தேன். இல்லாவிட்டால் குளவி கூட்டில் செலவிட்ட ஒவ்வொரு நேரத்தையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி எழுதியிருப்பேன், படம் பார்க்க இயல்பாகத்தான் இருந்தது. இன்னொன்று, ராஸ்பெர்ரி பையில் 2023இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முன்பு வரை தனக்கென்று கடிகாரம் கிடையாது. இணையம் இருந்தால் அங்கிருந்து நேரத்தை வாங்கிக்கொள்ளும். இணையம் இல்லாத இடத்தில் மின்சாரம் போய் வந்தால், தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். நடுவில் போன நேரம் அதற்குத் தெரியாது. பேட்டரியோடு கூடிய சின்னக் கடிகாரப் பலகை ஒன்றைச் சேர்த்தால் இது தீரும். நான் அதையும் சேர்த்தேன், படத்தின் ஒரு மூலையில் நொடிமுள் ஓடும் சாதாரணக் கடிகாரம் ஒன்றையும் வைத்தேன். கோப்பின் பெயர் பொய் சொல்லலாம், மென்பொருள் பொய் சொல்லலாம். காட்சிக்குள்ளேயே ஓடும் முள்ளை நம்பலாம்.

சரி, 84 மணி நேரத்தை எப்படிப் பார்ப்பது? எட்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டால் பத்தரை மணி நேரம். அரை நிமிட நிகழ்ச்சி அதில் கிட்டத்தட்ட நான்கு நொடி திரையில் இருக்கும். மாலைக்கு ஒன்றரை மணி நேரம் என்று ஒரு வாரம் பார்த்தேன். குறித்துக்கொள்ள போரிஸ் என்ற இலவச மென்பொருள். இத்தாலியில் டூரின் பல்கலைக்கழகத்தில் உருவானது, 2016இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. ஒவ்வொரு செயலுக்கும் ஒரு விசையை ஒதுக்கிக்கொண்டால், தட்டத் தட்ட நேரத்தோடு பதிவாகிவிடும். பிறகு, குலுக்கல் முறையில் நான்கு மணி நேரத்தைத் தேர்ந்தெடுத்து, சாதாரண வேகத்தில் நானும் ஒரு நண்பரும் தனித்தனியே பார்த்தோம். வேகமாகப் பார்த்ததில் நான் எதைத் தவறவிட்டேன் என்பது அப்போதுதான் தெரியும். இரண்டு சின்ன வருகைகளைத் தவறவிட்டிருந்தேன். இரண்டும் எறும்புகள்.

கணினியையே பார்க்கச் சொல்லலாமே என்று கேட்பார்கள். சொல்லலாம். 2018இல் டீப்லேப்கட் என்ற மென்பொருள் வந்த பிறகு, சில நூறு படங்களில் தலை எது, வால் எது என்று நாம் புள்ளி வைத்துக் காட்டினால் மீதியை அது தானே பின்தொடர்கிறது. எனக்கு அதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. அது சொல்லும் முடிவு தவறானால் நாளை வேறு விதமாகப் பார்க்கலாம், ஏனென்றால் வீடியோ கையில் இருக்கிறது. அசைவின் எல்லையை வைத்து நான் எடுத்த முடிவு அப்படிப்பட்டது அல்ல. பதிவாகாத ஒன்பது நாளின் மதியங்களை எந்த மென்பொருளும் திருப்பித் தராது.

பச்சைக் குளவி மூன்றாம் நாள் வந்தது. அதன் வருகையை நான் எதிர்பார்த்த மாதிரி அது வரவில்லை. படத்தின் இடது ஓரத்தில், சட்டத்தின் விரிசல் ஒன்றின் பக்கத்தில், 17 நிமிடம் அசையாமல் நின்றிருந்தது. முதல் முறை பார்த்தபோது மண் துணுக்கு என்று கடந்துவிட்டேன். மண்குளவி ஒரு புழுவைக் கொண்டுவந்து திணித்துவிட்டுப் பறந்தது. துணுக்கு நடந்தது. அப்போதுதான் படத்தைப் பின்னால் ஓட்டி, அது எப்போதிலிருந்து அங்கே இருக்கிறது என்று பார்த்தேன். அந்த 17 நிமிடத்தில் அது நின்ற இடத்தில் எந்த அசைவும் இல்லை. எந்த எல்லை வைத்திருந்தாலும், எவ்வளவு குறைத்திருந்தாலும், அந்தக் காத்திருப்பு பதிவாகியிருக்காது. முட்டையிட்ட நொடிகளைவிட அந்தப் பதினேழு நிமிடம்தான் என்னை உலுக்கியது. இந்தப் பூச்சியின் வேலையில் பெரும்பகுதி அசையாமல் இருப்பதுதான்.

அந்தக் கூட்டில் ஐந்து பானைகள். பச்சைக் குளவி இரண்டாவது பானையை எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. மூன்றாவதில் முதலில் தலையை விட்டுப் பார்த்தது, வெளியே வந்து திரும்பியது, பின்பக்கமாக வயிற்றை உள்ளே விட்டு 31 நொடி இருந்தது. மறுநாள் நான்காவது பானையிலும் அதே மாதிரி, தலை, திரும்பல், வயிறு, 26 நொடி. நான்கு வாரம் கழித்து மூன்றாவது பானையிலிருந்து பச்சைப் பூச்சி வந்தது. நான்காவதிலிருந்து மஞ்சள் குளவி வந்தது, முழு வளர்ச்சியோடு, எந்தக் குறையும் இல்லாமல்.

அந்த நான்காவது பானையைப் பிரித்துப் பார்த்தேன். புழுக்களின் காய்ந்த தலைகளும், கூட்டுப்புழு விட்டுப்போன மெல்லிய உறையும் இருந்தன. வேறெதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. முட்டையிடாமலே திரும்பிவிட்டதா, இட்ட முட்டை பிழைக்கவில்லையா, மண்குளவி திரும்பி வந்ததும் கண்டுபிடித்து எடுத்துப் போட்டதா? கடைசிக் கேள்விக்காக மண்குளவியின் அடுத்த மூன்று வருகைகளையும் ஃபிரேம் ஃபிரேமாகப் பார்த்தேன். வாயில் எதையும் எடுத்துக்கொண்டு அது வெளியே வரவில்லை.

இரண்டு துண்டுகளையும் ஒரே திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவ்வப்போது ஓடவிடுகிறேன். பச்சைத் தலை உள்ளே போகிறது, வருகிறது, உடல் திரும்புகிறது, வயிற்றின் நுனி பானையின் இருட்டுக்குள் மறைகிறது. இந்தப் பக்கம் 31 நொடி, அந்தப் பக்கம் 26. மூலையில் கடிகார முள் நகர்ந்துகொண்டிருக்கிறது.